மழைக்கு முன்னே புல் சேர்த்து வைக்கலாம்: கினி பிக் வளர்ப்போர் கேள்வி பதில்

நாகர்கோவில்: அக்கா, வெளிநாட்டுல பனிக்காலத்துக்குன்னு புல், இலை எல்லாம் காயவச்சு எடுத்து வைக்கிறாங்க. நமக்குத்தான் பனியே இல்லையே, இது தேவையா?

தேவைதான் தம்பி. நமக்கு மழை ரெண்டு தடவை வருது. ஆனி, ஆடியில தென்மேற்கு, ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்கு. அப்போ புல் எங்க பார்த்தாலும் இருக்கும், ஆனா நனைஞ்சு சேறு ஒட்டிக் கிடக்கும். அதை அறுத்துக் குவிச்சு வச்சா ஒரு ராத்திரியில சூடேறிப் புளிச்சிடும், வயிறு ஊதிடும். கினி பிக்கால வாந்தி எடுக்கவும் முடியாது. அதுக்குப் பல்லு வாழ்நாள் முழுக்க வளரும், நாருள்ள புல்லை அரைச்சு அரைச்சுத்தான் தேயணும். அதனால தை முதல் பங்குனி வரை உள்ள வெயிலை விட்டுடாதீங்க.

மார்த்தாண்டம்: எதையெல்லாம் பறிச்சு காயவைக்கலாம்?

முதல்ல கினியாப்புல், அறுகம்புல். கதிர் எட்டிப் பார்க்கும்போதே அறுத்துடுங்க, முத்தினா வெறும் தட்டைதான். ருசிக்கு வாழை இலை, மூங்கில் இலை, கொய்யா இலை, செம்பருத்திப் பூவும் இலையும். இதெல்லாம் நிழல்ல காயணும், அப்பதான் பச்சை நிறமும் மணமும் நிக்கும். முருங்கை இலையில சுண்ணாம்புச் சத்து அதிகம். தினமும் போட்டா சிறுநீர்ப்பையில கல் வரலாம், எப்பவாவது ஒரு சிட்டிகை போதும். வைக்கோல்ல சத்து குறைவு, அதை மட்டும் நம்பாதீங்க.

குலசேகரம்: அக்கா, எங்க வீட்டுல ரப்பர் ஷீட் உலர்த்துற புகைப்புரை இருக்கு. மழை நேரத்துல புல்லை அதுல போட்டு எடுக்கலாமா?

வேண்டாம் மக்களே. புகை புல்லுல படிஞ்சிடும், இதுங்களோட நுரையீரல் ரொம்ப மென்மை. ரப்பர் தோட்டத்துக்குள்ள களைக்கொல்லி அடிச்ச இடத்துப் புல்லும் ஆகாது. திடீர்னு மழை வந்தா அறைக்குள்ள கொடி கட்டி, மெல்லிசாப் பரப்பி, ஃபேன் போட்டு விடுங்க.

தக்கலை: போன மழையில எடுத்து வச்ச புல் எல்லாம் பூசணம் பிடிச்சுப் போச்சு. காய்ஞ்சதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தண்டை முறிச்சுப் பாருங்க. வளைஞ்சா ஈரம் இருக்கு, படக்குன்னு ஒடியணும். சந்தேகம்னா ஒரு பிடியைக் கண்ணாடிப் பாட்டில்ல அடைச்சு ராத்திரி முழுக்க வையுங்க. காலையில உள்பக்கம் பனித்துளி மாதிரி நீர் பூத்திருந்தா மறுபடி வெயிலுக்குக் கொண்டு போங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பருத்திப் பையிலோ சாக்கிலோ போட்டு, தரையில படாம பலகை மேல, எலி வராத இடத்துல வையுங்க. ஒரு ஓரத்துல பூசணம் தெரிஞ்சாலும் மூட்டையையே குப்பையில போட்டுடுங்க. உதறிட்டுக் கொடுக்கலாம்னு நினைக்கவே கூடாது.

தோவாளை: சந்தையில மிஞ்சுற பூவைக் கொடுக்கலாமா? மரச்சீனி (மரவள்ளி) இலை?

சந்தைப் பூவுல மருந்து அடிச்சிருப்பாங்க, கொடுக்காதீங்க. மரச்சீனி இலையில சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு, தொடவே வேண்டாம். அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, சேம்பு எதுவும் ஆகாது. பெயர் தெரியாத செடியைப் பறிக்கவே பறிக்காதீங்க.

குளச்சல்: காய்ந்த புல் நிறைய இருந்தா பச்சைக்காய் வேண்டாமா?

இதைத்தான் எல்லாரும் கவனிக்கணும். நம்மளை மாதிரியே கினி பிக் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது. காயவைக்கும்போது அந்தச் சத்து பெருமளவு போயிடும். அது இல்லைன்னா மூட்டு வீங்கி, நடக்கவே மறுக்கும். ஒரு கிலோ எடைக்கு தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேணும். அதனால மழைக்காலத்துலயும் தினமும் ஒரு துண்டு குடமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி கண்டிப்பா கொடுங்க. கொய்யாப்பழத்துல 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, ஆனா இனிப்பு. வாரத்துல ரெண்டு தடவை விரல் நுனி அளவு, விதையை எடுத்துட்டு. தண்ணியில வைட்டமின் சொட்டு கலந்தா சீக்கிரமே வீரியம் போயிடும், அதை நம்பாதீங்க.

கருங்கல்: கொய்யாக் கம்பு கடிக்கக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மருந்து அடிக்காத மரத்துல பென்சில் தடிமன் கம்பா ஒடிச்சு, கழுவி, நல்லாக் காயவிட்டுப் போடுங்க. புதுசா எதைக் கொடுத்தாலும் முதல்ல கொஞ்சமா கொடுத்து, மறுநாள் புழுக்கையைப் பாருங்க. இளகியிருந்தா நிறுத்திடுங்க. தீனியையே தொடாம சுருண்டு கிடந்தா, மறுநாள் வரை காத்திருக்காம அன்னைக்கே கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.