முதற் பச்சையை யாரிடம் குத்திக்கொள்வது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் 2000 ஆம் ஆண்டில் பிறந்தவள். மறைந்த என் அம்மம்மாவின் பெயரைத் தமிழில் முன்கையில் பச்சை குத்திக்கொள்ள விரும்புகிறேன். அலைச்சறுக்குக்குப் பெயர்போன அறுகம்பேக்குச் சீசனுக்கு வந்திருக்கும் பச்சை குத்தும் கலைஞர் ஒருவரின் வேலை, படங்களில் மிக அழகாகத் தெரிகிறது. மட்டக்களப்பு நகரில் சலூன் ஒன்றோடு சேர்ந்த இடத்தில் பாதிக் காசுக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். நோய் தொற்றும் என்று அம்மா பயப்படுகிறார். எவரிடம் போவது?
– வாசகி, கல்லடி

பதில்: உங்கள் அம்மாவின் பயம் நியாயமானது. பச்சை குத்தும் ஊசி தோலின் மேற்படையைக் கடந்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் உள்ள இரண்டாம் படையில் மையை இறக்குகிறது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியோ மையோ அடுத்தவருக்கும் போகுமானால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியனவும் எச்.ஐ.வி.யும் இரத்தத்தின் வழியே தொற்றலாம். இவற்றுள் தடுப்பூசி இருப்பது ஹெபடைடிஸ் பி ஒன்றுக்குத்தான். இலங்கையின் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் அது 2003 ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது என்பதால், உங்கள் கிளினிக் அட்டையில் அது பெரும்பாலும் இருக்காது. வைத்தியரிடம் கேட்டு, வழமையாக ஆறு மாதங்களில் போடப்படும் மூன்று ஊசிகளையும் முடித்துக்கொள்ளுங்கள். அம்மம்மாவின் பெயருக்கு அவசரம் எதுவும் இல்லையே.

அடுத்து, முற்பணம் கொடுக்காமல் இரண்டு இடங்களுக்கும் ஒரு தடவை போய், வேறொருவருக்கு வேலை நடக்கும்போது அனுமதி கேட்டு அருகில் இருந்து பாருங்கள். முடிவுத் திகதியும் தொகுதி இலக்கமும் அச்சிட்ட பொதியிலிருந்து ஊசி வாடிக்கையாளரின் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். மை சிறு மூடிகளில் ஊற்றப்பட்டு, மிஞ்சியது போத்தலுக்குத் திரும்பாமல் வீசப்பட வேண்டும். கையுறை போட்ட கையால் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டு கலைஞர் அதே கையுறையோடு தோலைத் தொட்டால், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுந்து வந்துவிடலாம். திரும்பப் பயன்படுத்தும் உலோகப் பிடிகளை எப்படிச் சுத்தம் செய்கிறார் என்று கேளுங்கள். ஓட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலத்தில் 121 பாகை நீராவியில் குறைந்தது 15 நிமிடங்கள் வைப்பதுதான் கிருமிநீக்கம், ஸ்பிரிட்டால் துடைப்பது அதற்கு ஈடாகாது. மையை ஐதாக்கச் சேர்க்கும் தண்ணீரைப் பலர் கவனிப்பதே இல்லை. அமெரிக்காவின் ரொசெஸ்டரில் 2011 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட பலருக்குத் தோலில் தடிப்புகள் தோன்றின. உற்பத்தியின்போதே ஐதாக்கப்பட்டு வந்த சாம்பல் நிற மையில் மைக்கோபக்டீரியம் வகைக் கிருமி இருந்ததே காரணமென்று ஆய்வாளர்கள் கருதினர். ஆகவே கிருமிநீக்கிய நீரைத் தவிர வேறெதையும், போத்தல் குடிநீரைக்கூட, ஏற்க வேண்டாம்.

இனித் திறமை. உங்களுக்குக் காட்டப்படும் படங்களில் அநேகமானவை குத்தி முடித்த உடனே, மை மினுங்கும்போது எடுத்தவை. அந்த நேரத்தில் எவருடைய வேலையும் அழகாகத்தான் இருக்கும். ஓராண்டு கடந்த பின் எடுத்த படங்களை, அதிலும் நம்மைப் போன்றவர்களின் கறுத்த தோலில் செய்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். ஊசி அளவுக்கு மீறி ஆழமாகப் போயிருந்தால் கோட்டின் இருபுறமும் நீலம் கசிந்து பரவியிருக்கும். தமிழ் எழுத்தில் இது இன்னும் பெரிய சிக்கல்: ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் சிறியனவாக இருந்தால் சில ஆண்டுகளில் மை பரவி அடைபட்டுவிடும். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கலாம் என்று அவராகவே சொன்னால், அவருக்குத் தொழில் தெரியும். தமிழ் தெரியாதவரிடம் போவதிலும் தவறில்லை. ஆனால் பெயரைத் தட்டெழுதி அனுப்ப வேண்டாம். தமிழை ஒழுங்காகக் காட்டாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். தாளில் கையால் எழுதிக் கொடுத்து, ஸ்டென்சில் (குத்துமுன் தோலில் பதிக்கும் மாதிரி வரைவு) தோலில் ஒட்டப்பட்டதும் கூட வந்தவரை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். (பழைய வங்கிப் புத்தகம் ஏதாவதில் அம்மம்மாவின் கையொப்பம் இருந்தால், அதையே குத்திக்கொள்வது எனக்குப் பிடித்த யோசனை.)

அறுகம்பேச் சீசன் மே மாதமளவில் தொடங்கி ஒக்டோபரோடு ஓய்ந்துவிடும். மை விடுபட்ட இடங்களைத் திரும்ப நிரப்ப நான்கு முதல் ஆறு வாரங்களாவது பொறுக்க வேண்டும். செப்டெம்பர் கடைசியில் குத்திக்கொண்டால், அதற்குள் அவர் எந்த நாட்டில் இருப்பாரோ தெரியாது. காயம் ஆறும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் கடலிலும் வாவியிலும் இறங்கவே கூடாது. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி புதுக் காயத்தின் வழியே புகுந்தால், குறிப்பாக ஈரல் நோயுள்ளவருக்கு உயிராபத்தாகலாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் குளத்தில் தீர்த்தமாடும் எண்ணம் இருந்தால், அது முடிந்த பிறகு நாள் குறியுங்கள். காது குத்திய இடம் உங்களுக்குத் தடித்த தழும்பாகியிருந்தால், முதலில் தோல் வைத்தியரைக் காண வேண்டும்.

பாதிக் காசு என்பதை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். மேலே சொன்னவற்றையெல்லாம் சலூன்காரர் செய்து, ஆறிய வேலைகளையும் காட்டினால், பிழை வந்தால் தேடிப் போகக்கூடியவர் என்பதற்காக அவரிடமே போகலாம். இல்லையென்றால் அடுத்த மே மாதத்தில் அறுகம்பேக்குப் போங்கள்.

கேள்வி: பச்சை குத்துவதற்கு முன் ஒத்திகையாக, கடற்கரையில் இடும் கறுப்பு மருதாணியைப் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: வேண்டாம். மருதாணி இலை செம்மஞ்சளாகப் பிடித்துப் பின்னர் கபிலமாகும். சிறிது நேரத்திலேயே கன்னங்கரேலென்று பிடிக்கும் பசையில், தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பராபினைலீன்டையமீன் கலந்திருப்பது வழக்கம். சிலருக்கு அது சில நாட்களில் கொப்புளமாகித் தழும்பில் முடியும். பின்னாளில் தலைக்குச் சாயம் பூசும்போதும் கடுமையான ஒவ்வாமை வரலாம். ஒத்திகை வேண்டுமானால், ஸ்டென்சிலை மட்டும் ஒட்டிவிடும்படி கலைஞரிடம் கேளுங்கள். சில நாட்களில் அது தானாக அழிந்துவிடும்.