தெருவில் 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன் போகிறது. மொட்டை மாடியில் 3 மீட்டர் கம்பத்தில் நிறுத்தும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஆன்டெனாவுக்குத் தனி எர்த் குழி போட்டால் போதுமா?

போதாது. அந்தக் குழியை வீட்டு மெயின் எர்த்தோடு இணைத்தே ஆகவேண்டும். “தனித்தனியா இருந்தாத்தான் நல்லது” என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் கேட்காதீர்கள். பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்தும் வெவ்வேறு வோல்டேஜுக்கு ஏறும். அந்த வித்தியாசம் உங்கள் கோஆக்ஸ் (ஆன்டெனாவையும் ரேடியோவையும் இணைக்கும் கேபிள்), ரேடியோ, பவர் சப்ளை வழியாகத்தான் பாயும்.

அதற்கு முன், மின்கம்பி. தெருவில் 11 கே.வி. லைன் போகிறது என்கிறீர்கள். கம்பமும் ஆன்டெனாவும் சேர்ந்த மொத்த உயரத்தோடு இன்னும் 3 மீட்டர் கூட்டுங்கள். லைன் அந்தத் தூரத்துக்குள் இருந்தால் அங்கே கம்பம் நடவே கூடாது. ஸ்டே கம்பி (கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டிச் சமாளிக்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

3 மீட்டர் கம்பத்துக்கு ஒன்றரை அங்குல ‘பி’ கிளாஸ் (நடுத்தரத் தடிமன்) ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், சரி. நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். சென்னைக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ.; அந்தச் சுவர் பைப்போடு சேர்ந்து போகும். மாடிப்படி ஹெட்ரூமின் கான்கிரீட் தூணிலோ பீமிலோ ஆங்கர் போல்ட் அடித்து, குறைந்தது 75 செ.மீ. இடைவெளியில் இரண்டு கிளாம்ப் போடுங்கள்.

பைப்பின் அடியிலிருந்து 16 சதுர மி.மீ. செம்புக் கம்பியோ 25×3 மி.மீ. ஜிஐ பட்டையோ வெளிச்சுவரில் நேராக இறங்கட்டும். பின்னல் செம்பு வேண்டாம், மழையில் அரித்துப்போகும். வளைக்க வேண்டிய இடத்தில் 20 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளையுங்கள். காரணம் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் திடீரென மாறுவதைக் கம்பி எதிர்க்கும் தன்மை: ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி. மின்னல் மின்னோட்டம் மைக்ரோவிநாடிக்கு 10,000 ஆம்பியர் ஏறினால் மீட்டருக்கு 10,000 வோல்ட். பத்து மீட்டர் கம்பியில் ஒரு லட்சம். தடிமனைக் கூட்டினால் இது பெரிதாகக் குறையாது. நீளம் குறைந்தால்தான் குறையும். அதனால்தான் அந்தக் கம்பி வீட்டுக்குள் வரக்கூடாது, இரும்புப் பைப்புக்குள்ளும் நுழையக்கூடாது.

கீழே 2.5 மீட்டர் எர்த் ராடு அடித்து, அதிலிருந்து மெயின் எர்த்துக்கு இன்னொரு 16 சதுர மி.மீ. செம்புக் கம்பி இழுங்கள். கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே கேஸ் டியூப் அரெஸ்டர் (திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைத்து, அதன் உடலையும் இதே எர்த்தில் சேருங்கள். செம்பும் ஜிஐயும் நேராகத் தொட்டால் துத்தநாகப் பூச்சு போய்த் துரு பிடிக்கும். நடுவில் பைமெட்டல் கிளாம்ப் (இரு உலோகங்களை இணைப்பதற்கென்றே செய்த கிளாம்ப்) போடுங்கள். கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள், பலர் மறப்பது இதுதான்.

இவ்வளவும் செய்தாலும் ஆன்டெனா மேலேயே நேரடியாக இடி விழுந்தால் ரேடியோ தப்பும் என்று உத்தரவாதம் இல்லை. மேகம் கூடும்போதே கோஆக்ஸையும் பவர் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் கேபிளைத் தொடாதீர்கள்.