‘மரியா லாந்தோ’ கேட்டேன், பிடித்துப்போனது. ஆனால் தாளம் போட வரவில்லை. பெருவின் பாடகி சுசானா பாக்காவை எந்த ஆல்பத்திலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

கைப்பேசி ஸ்பீக்கரில்தான் கேட்டிருப்பீர்கள். தாளம் பிடிபடாததற்குப் பாதிக் காரணம் அதுதான். இந்த இசையில் அடி எங்கே விழுகிறது என்று காட்டிக்கொடுப்பவை இரண்டே: பேஸ், காஹோனின் கனத்த அடி. (காஹோன் என்றால் உட்கார்ந்துகொண்டே கையால் தட்டும் மரப்பெட்டி.) கைப்பேசி ஸ்பீக்கரில் அந்தக் கீழ்ச்சுருதி ஒலிகள் அநேகமாக வெளியே வராது. மிஞ்சுவது குரல், கிதார், காஹோனின் ஓரத்துச் ‘சட்’ சத்தம். மூன்றும் அடிக்கு முன்னே பின்னே விளையாடுபவை. அவற்றை நம்பித் தாளம் போட்டால் நான்காவது வரியில் கை காற்றில் நிற்கும். முதலில் ஒரு சுமாரான ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதே பாட்டைத் திரும்பக் கேளுங்கள்.

மீதிப் பாதிக் காரணம் லாந்தோவின் கணக்கு. (லாந்தோ என்றால் பெருவின் கறுப்பின மக்களின் ஒரு இசைவகை.) ஒரு சுற்றுக்கு 12 சின்ன மாத்திரை. அதைத் ‘தகிட தகிட தகிட தகிட’ என்று நாலாகவும் பிரிக்கலாம், ‘தக தக தக தக தக தக’ என்று ஆறாகவும் பிரிக்கலாம். லாந்தோவில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். காலில் 1, 4, 7, 10-ல் தட்டுங்கள். அது நிலைத்த பிறகு, காலை நிறுத்தாமல், கையில் 1, 3, 5, 7, 9, 11. கையும் காலும் சேர்ந்து விழுவது 1-லும் 7-லும் மட்டும். அந்த இரண்டு இடமும் சரியாகச் சேர்கிறதா என்பதுதான் சோதனை.

எல்லோரும் தவறுவது ‘தகிட’விலிருந்து ‘தக’வுக்குப் போகும்போது. மூன்று எழுத்து இரண்டானதும் வாய் தானாக மெதுவாகி, இரண்டெழுத்தை மூன்றெழுத்தின் இடத்துக்கு இழுத்துவிடும். அப்படியானால் அது வெறும் நாலு அடிதான், லாந்தோ இல்லை. எழுத்தின் வேகம் மாறக்கூடாது, பிரிப்பு மட்டும்தான் மாற வேண்டும். மெட்ரோனோமை 12 மாத்திரைக்கும் டிக் அடிக்க வைத்து ஐந்து நிமிடம் பழகினால் போதும்.

(சங்கீதம் தெரிந்த யாராவது ‘இதைத் திஸ்ர நடை என்று சொல்லிவிட்டுப் போகலாமே’ என்று கேட்கலாம். போகலாம், ஆனால் அது பாதிதான். நாலும் ஆறும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை ஓடுவதுதான் இங்கே விஷயம்.)

ஆல்பத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட பாட்டு 1995-ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் பைர்னின் லுவாக்கா பாப் நிறுவனம் வெளியிட்ட ‘தி சோல் ஆஃப் பிளாக் பெரு’ தொகுப்பு வழியாகத்தான் உலகம் முழுக்கப் போனது. அதே தொகுப்பில் பைர்னே அந்தப் பாட்டைத் தனியாகவும் பாடியிருக்கிறார். ஆண் குரலில் ஒன்று கேட்டிருந்தால் அது அநேகமாக அவருடையது. வரிகள் கவிஞர் செசார் கால்வோவுடையவை, இசை பெருவின் பாடகி, பாடலாசிரியர் சபூக்கா கிராந்தாவுடையது. பல தளங்களில் கிராந்தா பெயர் மட்டும் இருக்கும், சிலவற்றில் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்றே போட்டிருப்பார்கள். நாட்டுப்புறப் பாட்டு இல்லை. நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் பிறருக்காக உழைக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு நவீன கவிஞர் எழுதியது. கிராந்தாவிடம் பாக்கா நெருக்கமாக இருந்து பணியாற்றினார். கிராந்தா 1983-ல் இறந்துவிட்டார். ஆக, இந்தப் பாட்டு உலகம் சுற்றியதை இசையமைத்தவர் பார்க்கவே இல்லை.

அடுத்து நேராக 1997-ல் வந்த, அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட ‘சுசானா பாக்கா’வுக்குப் போங்கள். முதல் பாட்டு ‘நெக்ரா பிரெசுந்துவோசா’ ஒரு லாந்தோ, 12 மாத்திரைப் பயிற்சிக்கு இதைவிட வசதியான பாட்டு கிடைக்காது. பேஸ், கிதார், தாளவாத்தியம், குரல், அவ்வளவுதான், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். ‘சம்பா மலாத்தோ’வும் இதில்தான் இருக்கிறது. அதைப் பெருவின் கறுப்பினக் கவிஞர் நிக்கோமெதெஸ் சாந்தா க்ரூஸின் 1964 ‘குமானானா’ பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். அங்கே கூட்டமாக, ஆட்டத்துக்காகப் பாடியது இங்கே ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல ஆகியிருக்கும். ‘ஏசெஸ்’ என்ற பாட்டு பெருவின் கவிஞர் செசார் வயேஹோவின் கவிதை. ‘காராஸ் லிந்தாஸ்’ புவேர்ட்டோ ரிக்கோவின் தித்தே குரெத் அலோன்சோ எழுதியது, பெருவுடையது அல்ல. கவிதையைப் பாட்டாக்குவதும் வெளியூர்ப் பாட்டைத் தன் தாளத்துக்குள் கொண்டுவருவதும் பாக்கா பிறகும் விடாத இரண்டு பழக்கங்கள். இரண்டும் இந்த ஒரே ஆல்பத்தில் தெரிந்துவிடும்.

2000-ல் ‘எக்கோ தெ சோம்ப்ராஸ்’. தயாரிப்பாளர் கிரெய்க் ஸ்ட்ரீட். மார்க் ரிபோ, ஜான் மெடெஸ்கி, கிரெக் கோஹன் என்று நியூயார்க் ஆட்கள் பெருக் குழுவோடு சேர்கிறார்கள். இதை முதலில் கேட்டால் தாளம் இன்னும் குழப்பும், ஏனென்றால் ரிபோவின் கிதார் வேண்டுமென்றே அடியைத் தொடாமல் ஓரமாக நடக்கும். 1997-க்குப் பிறகு கேட்டால் அதுவே சுகம். 2002-ல் வெளிவந்த ‘எஸ்பிரித்து விவோ’ 2001 செப்டம்பரில், கோபுரங்கள் விழுந்த அதே நாட்களில், நியூயார்க்கில் சிறிய கூட்டத்தின் முன் பதிவானது. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் ஒரு பாட்டும் இதில் உண்டு.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ‘லமெந்தோ நெக்ரோ’ என்ற ஆல்பத்துக்கு இசைச் செயலிகள் 2001 என்று ஆண்டு போடுகின்றன. அதனால் அது ‘எக்கோ தெ சோம்ப்ராஸ்’ ஆல்பத்துக்கு அடுத்ததாக வந்து உட்காரும். கேட்பவர் ‘நியூயார்க் பாணி அலுத்துப்போய்ப் பழைய பாணிக்குத் திரும்பிவிட்டார்’ என்று ஒரு கதை கட்டுவார். உண்மையில் அது 1986-ல் கியூபாவில் பதிவானது. பாக்கா பிறந்தது 1944, ஆக அது 42 வயதுக் குரல். வெளியானபோது அதற்கு 15 வயது. 2002-ல் லத்தீன் கிராமி விருது வாங்கியதும் இந்தப் பழைய பதிவுதான். செயலியின் ஆண்டு வரிசையை நம்பாமல் இதை 1995 தொகுப்புக்கும் முன்னால் நகர்த்திவிடுங்கள். வெளியான ஆண்டையும் பதிவான ஆண்டையும் தனித்தனியாகப் போட இடம் வைப்பதில் இந்தச் செயலிகளுக்கு என்ன கஷ்டம் என்று தெரியவில்லை. பழைய இசைத்தட்டின் உறையில் அது இருக்கும், யார் எதை வாசித்தார் என்பதும் இருக்கும். இப்போது காஹோன் வாசித்தவர் பெயரைத் தேடி அரை மணி நேரம் அலைய வேண்டியிருக்கிறது. (பாக்காவின் குழுவில் பல ஆண்டுகள் அது ஹுவான் மெத்ரானோ கொத்தீத்தோ.)

காஹோன் என்றதும் இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தாளம் பிடிபட்டதும் அடுத்து ஒன்று வாங்கத்தான் போகிறீர்கள். கடைகளில் ‘பெரு காஹோன்’ என்று ஒட்டி விற்பவற்றில் பல ஃபிளமெங்கோ காஹோன்கள், அதாவது ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைக்காக மாற்றியவை. உள்ளே முன்பலகையை ஒட்டிக் கம்பி கட்டியிருக்கும், தட்டினால் ‘ஸ்ஸ்’ என்று சிலிர்க்கும். பெரு காஹோனில் கம்பி கிடையாது. பாக்காவின் பதிவுகளில் அந்தச் சிலிர்ப்பைத் தேடினாலும் கிடைக்காது, காய்ந்த மரத்தின் சத்தம்தான். கடையில் பின்பக்கத் துளைக்குள் கையை விட்டுப் பாருங்கள். கம்பி இருந்தால் வேறு கேளுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கிக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பெட்டி உயரம் சுமார் 47 முதல் 50 செ.மீ., அகலம் 30 செ.மீ., முன்பலகை 3 மி.மீ. தடிமன் இருந்தால் சரி. பலகை தடித்தால் கனத்த அடி செத்துவிடும். உள்ளங்கையை மேல் விளிம்பிலிருந்து அரைச் சாண் இறக்கித் தட்டி உடனே எடுத்தால் கனத்த ஒலி, விரல் நுனி மூலையில் பட்டால் ‘சட்’. கையைப் பலகையிலேயே அழுத்தி வைத்துவிட்டு ‘பெட்டி சரியில்லை’ என்பார்கள். ‘சட்’ வரவில்லையென்றால் மேல் மூலைத் திருகுகள் இரண்டையும் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள்.

ஸ்பெயினுக்கு இந்தப் பெட்டி போனதே 1970-களின் பிற்பகுதியில் பெருவின் தலைநகர் லிமாவில் ஃபிளமெங்கோ கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியா கையில் கிடைத்த பிறகுதான். அதற்கு முன்பே பெருவின் கடலோரக் கறுப்பின மக்களிடம் தலைமுறைகளாக இருந்தது. 2001-ல் பெரு அரசு இதைத் தேசப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அப்படியும் சிலர் இதை ‘ஸ்பானிஷ் பெட்டி’ என்கிறார்கள்.

‘பெருவில் பாடகி ஏவா அயியோன்தான் பெரிய ஆள், பாக்கா வெளிநாட்டார் காதுக்குப் பாடுபவர்’ என்று யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். 1995-க்கு முன் சொந்த நாட்டில் அயியோன் அளவுக்குப் பாக்கா பிரபலமில்லை என்பது சரி. அதற்காக வெளிநாட்டாருக்காகப் பாடினார் என்பது சரியாகாது. அந்தத் தொகுப்புக்கு மூன்று வருடம் முன்பே, 1992-ல், கணவர் ரிக்கார்தோ பெரெய்ராவோடு சேர்ந்து லிமாவின் சொரியோஸில் கறுப்பின இசையைச் சேகரிக்க ‘நெக்ரோ கொந்தினுவோ’ என்ற நிறுவனத்தை ஆரம்பித்தவர் அவர். கேட்க ஆளில்லாத காலத்தில் செய்த வேலை. 2011 ஜூலையில் பெருவின் பண்பாட்டு அமைச்சரானார், டிசம்பரில் அமைச்சரவை மாறியதும் பதவி போனது. நடுவில் நவம்பரில், தோத்தோ லா மொம்போசீனா, மரியா ரீத்தா ஆகியோரோடு அவர் பாடிய, புவேர்ட்டோ ரிக்கோவின் காயே 13 குழுவின் ‘லத்தினோஅமெரிக்கா’வுக்கு லத்தீன் கிராமி கிடைத்தது. அந்தப் பாட்டு வழியாக அவரை அறிந்த இளைஞர்கள்தான் இன்று அதிகம்.

பிறகு வந்தவற்றில் ‘அஃப்ரோதியாஸ்போரா’ (2011) எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, பல நாட்டுத் தாளங்களை ஒரே தட்டில் வைத்ததுபோல் இருக்கிறது. மைக்கேல் லீக் தயாரித்த ‘பலாப்ராஸ் உர்ஹெந்தெஸ்’ (2021) அப்படியில்லை, கேளுங்கள். அதற்கு முன் லீக்கின் ஸ்னார்க்கி பப்பி என்ற ஜாஸ் குழுவோடு பாடிய ‘மொலினோ மொலேரோ’வை 1997 பதிவோடு ஒட்டி வைத்துக் கேட்டால், அதே பாட்டைப் பெரிய குழு எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்று தெரியும்.

2020-ல் ஊரடங்கில் வீட்டிலேயே பதிவு செய்த ‘அ கபெல்லா’வைக் கடைசிக்கு வையுங்கள். அதற்கும் லத்தீன் கிராமி கிடைத்தது. 76 வயதுக் குரல், அடியைச் சொல்லப் பின்னால் குழு இல்லை. காலில் 1, 4, 7, 10 தட்டிக்கொண்டே கேளுங்கள். எல்லாப் பாட்டும் 12-ல் அடங்காது. அடங்காத பாட்டு எது என்று கால் தானாகவே நின்று சொல்லிவிடும்.