மனைப்பிரிவு ஒப்புதல் காலாவதியானால், மேல்முறையீட்டில் பழைய விதியையே கேட்டு வாங்க முடியுமா?

அமெரிக்காவில் என்றால், டென்னசியின் வில்லியம்சன் கவுன்டி வழக்கைப் பாருங்கள். 1973-இல் 676 ஏக்கர் டெம்பிள் ஹில்ஸ் மனைப்பிரிவுக்கு முதற்கட்ட ஒப்புதல் கிடைத்தது. ஓராண்டுக்குள் இறுதி வரைபடம் தராமலும், ஒப்புதலை நீட்டிக்காமலும் இருந்தால் அது காலாவதி. 1977-இல் ஏக்கருக்கு எத்தனை வீடு என்ற விதி இறுகியது. 1980-இல் திட்டக் குழு வரைபடத்தை நிராகரித்தது. மேல்முறையீட்டு வாரியம் '1973 விதிதான் செல்லும்' என்றது. குழுவோ, 'எங்கள் முடிவை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை' என்று அதைக் கண்டுகொள்ளவில்லை. ஜெயித்தும் கையில் ஒன்றுமில்லை!

கடனுக்காக நிலத்தை எடுத்த வங்கி இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வங்கி விதிவிலக்கும் கேட்கவில்லை, மாநில நடைமுறையில் இழப்பீடும் கோரவில்லை, ஆகவே வழக்கே முதிரவில்லை, அதாவது விசாரிக்கும் கட்டத்துக்கு வரவில்லை என்றது 1985 தீர்ப்பு. மாநில நடைமுறை என்ற இரண்டாவது நிபந்தனையை 2019-இல் அதே நீதிமன்றத்தின் நிக் (Knick) வழக்குத் தீர்ப்பு நீக்கிவிட்டது. முதலாவது நிற்கிறது, இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் விதிவிலக்கு மனுவை முதலில் போடுங்கள்.