வாசகர் கேள்வி பதில்: ஹினாட்டாவின் குரல், டோக்கியோ டோமின் பாட்டு

போன இதழில் ஜப்பானியக் குரல் நடிகைகளைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நானா மிஸுகியைப் பற்றித்தான். எனக்கும் மிகப் பிடித்தவர், அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அவருக்கே.

கே: 'நருட்டோ' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வரும் ஹினாட்டா வாய் திறக்கவே கூச்சப்படுவாள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரா டோக்கியோ டோம் என்ற பிரம்மாண்ட மைதானத்தில் தனியாகக் கச்சேரி செய்தார்?

ப: அவரேதான். 2002இல் 'நருட்டோ' ஆரம்பித்ததிலிருந்து ஜப்பானிய மூலத்தில் ஹினாட்டா அவர்தான். 2011 டிசம்பரில் இரண்டு நாள் டோக்கியோ டோமில் பாடினார், இரண்டு நாளும் சேர்த்து ஏறக்குறைய 80,000 பேர் வந்தார்கள். ஒரு குரல் கலைஞர் அங்கே தனிக் கச்சேரி செய்தது அதுதான் முதல் தடவை. ஒருமுறை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஹினாட்டா பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். 'நருட்டோ-குன்' என்று கூப்பிடுவதற்கு முன்னால் மூச்சு சின்னதாகத் தடுக்கி நிற்கும், வார்த்தையே அந்தத் தடுக்கலுக்குப் பிறகுதான் வரும். குரல் இல்லாதவர் மெதுவாகப் பேசுவது வேறு, பெரிய குரலை வைத்துக்கொண்டு அதை உள்ளே பிடித்து வைப்பது வேறு. இவர் செய்வது இரண்டாவது.

கே: முதலில் நடிகையா, பாடகியா?

ப: பாட்டுதான் முதலில், அதுவும் நீங்கள் நினைக்கிற மாதிரிப் பாட்டு இல்லை. 1980 ஜனவரி 21இல் ஷிகோகு தீவில், எஹிமே மாவட்டத்து நீஹாமாவில் பிறந்தவர். அப்பா பல்செட் செய்து கொடுக்கும் தொழில் நடத்தியவர், மகளை என்கா பாடகியாக்கியே தீருவது என்று இருந்தவர். என்கா என்பது ஜப்பானின் பழைய பாணி மெல்லிசை, பிரிவு, ஊர் ஏக்கம், கண்ணீர் என்று போகும். அதில் 'கொபுஷி' என்று ஒன்று உண்டு, ஒரே சுரத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பாடுவது. நம் கமகத்தை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். சின்ன வயதிலிருந்தே வீட்டில் தினமும் சாதகம். பள்ளி வயதிலேயே பாட்டுப் போட்டிகள், அப்புறம் டோக்கியோவுக்கு வந்து, கலையுலகப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் ஹொரிகோஷி உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. என்கா பாடகியாக மேடை ஏறுவதற்காக வந்த பெண்ணுக்கு அந்த மேடை கிடைக்கவில்லை, டப்பிங் பயிற்சிப் பள்ளி கிடைத்தது. 1998இல் ஒரு வீடியோ கேமில் குரல் கொடுத்து அறிமுகம், 2000 டிசம்பரில் முதல் சிங்கிள். 'பாடத் தெரிந்த நடிகை' என்று அவரைச் சொல்கிறவர்கள் இந்தப் பதினைந்து வருஷத்தை மறந்துவிடுகிறார்கள். நடிப்புதான் அவருடைய பாட்டுக்கு வாசல் திறந்துவிட்டது என்பேன்.

கே: ஜப்பானில் குரல் நடிகைகள் ஏன் இத்தனை பேர் பாட்டுக்கும் போகிறார்கள்?

ப: ஒரு காரணம், நேராகச் சொன்னால், பணம். அங்கே நடிகர் சங்கம் வகுத்த தர வரிசைப்படி, புதிதாக வருகிறவருக்கு அரை மணி நேர அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) அத்தியாயம் ஒன்றுக்கு அடிப்படை ஊதியம் 15,000 யென். ஒரு வரி பேசினாலும் நூறு வரி பேசினாலும் அதேதான். அதற்காக மணிக்கணக்கில் ஸ்டுடியோவில் நிற்க வேண்டும். மூன்று நான்கு மைக் இருக்கும், ஆட்கள் அதைவிட அதிகம், தன் வசனம் வரும்போது சத்தமில்லாமல் நகர்ந்து மைக்குக்கு வந்து, பேசிவிட்டு அதே மாதிரி விலகிவிட வேண்டும். கையில் இருக்கும் காகிதம் திருப்பும்போது சலசலக்கக் கூடாது, உரசுகிற துணிகூட உடுத்தக் கூடாது. அனிமேவின் தொடக்கப் பாட்டை அதில் நடிப்பவரே பாடினால் இசை நிறுவனத்துக்கும் லாபம், கலைஞருக்கும் இன்னொரு வருமானம். இந்த வழியை முதலில் போட்டது மிஸுகி இல்லை. 90களில் மெகுமி ஹயாஷிபாரா, செவிலியர் படிப்பை முடித்தவர், நடிப்பிலும் பாட்டிலும் ஒருசேரக் கொடி நாட்டினார். ஹெகிரு ஷீனா 1997லேயே புடோகான் அரங்கில் பாடிவிட்டார். மிஸுகி அங்கே ஏறியது 2005இல்.

கே: கதாபாத்திரத்தின் மேல் இருக்கும் பாசத்தில்தான் ரசிகர்கள் அவருடைய சிடியை வாங்குகிறார்கள், பாட்டு சுமார்தான் என்கிறான் என் நண்பன். சரியா?

ப: சரியில்லை, உங்கள் நண்பரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பாசம் முதல் சிடியை வாங்க வைக்கும், பத்தாவதை வாங்க வைக்காது. 2009 ஜூனில் வந்த 'அல்டிமேட் டயமண்ட்', ஜப்பானின் இசை விற்பனைத் தரவரிசையான ஒரிகானின் வார ஆல்பம் பட்டியலில் முதல் இடம் பிடித்தது, 2010 ஜனவரியில் 'ஃபாண்டம் மைண்ட்ஸ்' சிங்கிள் பட்டியலில் முதல் இடம். இரண்டுமே குரல் கலைஞர் ஒருவருக்கு முதல் தடவை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2009 டிசம்பர் 31. வருஷக் கடைசி ராத்திரியில் ஜப்பானே உட்கார்ந்து பார்க்கும் 'கோஹாகு உத்தா கஸ்ஸென்' நிகழ்ச்சியில், எந்த என்கா பாடகருக்கும் கனவாக இருக்கிற அந்த மேடையில், அவர் 'ஷின்-ஐ' பாடினார், அதன் வரிகளும் அவர் எழுதியவை. அப்பா அதற்கு முந்தைய வருஷமே, 2008இல், இறந்துவிட்டார். மகளை என்கா பாடகியாக்கப் பார்த்த மனிதர், மகள் வேறு வழியாகச் சுற்றி அதே மேடைக்கு வந்து சேர்ந்ததைப் பார்க்க ஒரு வருஷம் தாண்டி இருக்கவில்லை. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது. 2011இல் எழுதிய சுயசரிதைக்கும் அவர் வைத்த பெயர் 'ஷின்-ஐ'தான். கோஹாகுவில் 2014 வரை வரிசையாக ஆறு வருஷம் பாடினார்.

கே: கல்யாணத்துக்குப் பிறகு ஒதுங்கிவிட்டாரா?

ப: இல்லை. 2020இல் திருமணம், 2021இல் குழந்தை, அதற்குப் பிறகும் நடிப்பு, பாட்டு இரண்டும் உண்டு.

கே: ஒன்றுமே கேட்காத நான் எதில் ஆரம்பிக்க?

ப: 2012இல் தொடங்கிய 'சிம்ஃபோகியர்' தொடரில். அதில் அவர் ட்சுபாசா என்ற பாடகி, கையில் வாளும் உண்டு, சண்டை போட்டுக்கொண்டே பாடுகிற பெண். அந்தச் சண்டைக் காட்சிகளுக்குத் தனியாகப் பதிவு செய்த பாட்டை எடுத்து ஒட்டவில்லை. ஓடுகிற படத்தைப் பார்த்தபடி, டப்பிங் மைக்குக்கு முன்னாலேயே நடிகைகளைப் பாட வைத்தார்கள். அடி விழுந்தால் பாட்டு உடையும், எழுந்தால் மூச்சிரைப்போடு அதே வரியைப் பிடிக்கும். ட்சுபாசா கடைசிச் சொல்லை இழுக்கும்போது குரல் லேசாகச் சுழலும், அதை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அந்தச் சுழற்சி நீஹாமா வீட்டில் அப்பா சொல்லிக் கொடுத்தது.