தூரம் இருக்கட்டும், மட்டம் என்ன? பெங்களூரு மழைநீர் வடிகால்: கேள்வி பதில்

ராஜகாலுவே என்று இங்கே சொல்கிற பெரிய மழைநீர்க் கால்வாய்களில் லெவல் எடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். இப்போது ஓய்வு, வாசம் அல்சூரில். நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். சொத்து வழக்கு என்றால் வக்கீலிடம் போங்கள்.

ஹொரமாவு: மனை ஒன்று பார்த்திருக்கிறோம் சார். பின்னால் ராஜகாலுவே போகிறது. 75 மீட்டர் விட வேண்டும் என்கிறார்களே?

அந்த 75 கால்வாய்க்குச் சொன்னதே இல்லை அம்மா, ஏரிக்குச் சொன்னது. 2016 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர், கால்வாய்களுக்கு அதன் அளவைப் பொறுத்து 50, 35, 25 மீட்டர், அதுவும் கரை ஓரத்திலிருந்து என்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுபடி 2015 மாஸ்டர் பிளானில் உள்ள கணக்குக்கு வந்தோம்: ஏரிக்கு 30 மீட்டர், முதல்நிலைக் கால்வாய்க்கு 50, இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15. ஆனால் கால்வாய் அளவெல்லாம் நடு மையத்திலிருந்து. அகலமான கால்வாய் என்றால் மையத்துக்கும் கரைக்கும் உள்ள வித்தியாசத்திலேயே ஒரு வீடு நிற்கும். விதிகள் இன்னும் மாறலாம். பிளான் அப்ரூவல் தரும் இடத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

சட்டம் சொல்லும் தூரம் வேறு, தண்ணீர் ஏறும் உயரம் வேறு. 60 மீட்டர் தள்ளி இருந்தும் கால்வாய்க் கரையைவிட உங்கள் தரை தாழ்வாக இருந்தால் நனைவீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கால்வாய் நிரம்பி ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டம் எது, என் தரை மட்டம் எது? லெவல் எடுக்கிற சர்வேயர் அரை நாளில் சொல்லிவிடுவார்.

அதற்கு முன், நில அளவை வரைபடம் காட்டும் கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் சர்வே நம்பரைப் பாருங்கள். கிராம வரைபடத்தையும் வாங்குங்கள். இன்று கண்ணில் படாத கால்வாய் அதில் இருக்கும்.

சர்ஜாப்பூர் ரோடு: எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் போன மழைக்கு இடுப்பளவு தண்ணீர். இரண்டு பம்ப் வாங்கலாம் என்கிறது கமிட்டி. போதுமா?

எங்கே கொட்டப்போகிறீர்கள்? பெரும்பாலும் வாசல் வடிகாலில்தான். அது ஏற்கெனவே நிரம்பியிருந்தால் நீங்கள் இறைத்தது உங்கள் ராம்ப் வழியாகவே திரும்பி வரும். கரண்ட் பில்தான் மிச்சம்.

முதலில் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். அவர் பார்த்திருப்பார், கமிட்டி பார்த்திருக்காது. ராம்ப் வழியாக என்றால், ராம்ப் தொடங்கும் இடத்தில் சாலையைவிட உயரமாக ஒரு மேடு வேண்டும். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் தண்ணீர் ராம்ப் வழியாக வருவதில்லை, குழாய் வழியாகத்தான். உங்கள் வளாகத்து மழைநீர்க் குழாய் கால்வாயில் சேர்கிற இடத்தில், கால்வாய் மட்டம் ஏறியதும் தண்ணீர் எதிர்த்திசையில் உள்ளே வருகிறது. அங்கே ஒருவழி மூடி ஒன்று மாட்டினால் தடுக்கலாம். மூடி மாட்டிய பிறகு உள்ளே பெய்யும் மழை வெளியே போகாதே? அதற்குத்தான் பம்ப், அதற்குத்தான் தொட்டி. வரிசை முக்கியம்.

மாரத்தஹள்ளி: எந்த ஏரியாவில் வாங்கினால் தண்ணீர் வராது?

ஏரியாவைக் கேட்காதீர்கள், மனையைக் கேளுங்கள். திஷாங்க், கிராம வரைபடம்.

கே.ஆர்.புரம்: 30க்கு 40 மனையில் புது வீடு. மழைநீர் சேமிப்பு கட்டாயமா? பிரயோஜனம் உண்டா?

1200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனையில் புதிதாகக் கட்டினால் கட்டாயம். கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 1200 சதுர அடி 111 சதுர மீட்டர். ஒரு நல்ல மழை 50 மில்லிமீட்டர் கொட்டினால் 5,500 லிட்டர். முழு இடமும் கூரையாக இருக்காது, கொஞ்சம் குறையும். ஆனாலும் அவ்வளவும் வாசலுக்குப் போகாமல் உங்களிடம் நிற்கிறது. முதல் மழைத் தண்ணீரைத் தனியே வெளியேற்றுங்கள். மிச்சத்தைத் தொட்டிக்கும், தொட்டி வழிந்தால் உறை இறக்கிய கிணற்றுக்கும் விடுங்கள். சாலைத் தண்ணீரை மட்டும் நேராக போர்வெல்லுக்குள் விட்டுவிடாதீர்கள். அந்தப் பாவத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஓசூர்: உங்கள் ஊர்க் கழிவு எங்கள் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டீர்களா?

பேசுகிறேன். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே விழுகிற மழை ஹெப்பால், கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்குகள் வழியாகத் தட்சிண பினாகினிக்கு, அதாவது நம் தென்பெண்ணைக்கு வருகிறது. மேற்கே விழுவது விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு. எந்தப் பக்கம் குடை பிடித்தாலும் தண்ணீர் தமிழ்நாட்டுக்குத்தான் வருகிறது, அழுக்கும் கூடவே. சோப்புத்தூள் கலந்த நீர் மதகில் விழுந்து அடிபடும்போது நுரைக்கிறது.

பெல்லந்தூர் (குறுக்கிட்டு): நாங்கள் மட்டுமா? அந்தத் தண்ணீரும் வராவிட்டால் வெயில் காலத்தில் உங்கள் ஆறு காய்ந்துதானே கிடக்கும்?

ஓசூர்: சாக்கடையை அனுப்பிவிட்டு நன்றி வேறு சொல்ல வேண்டுமா?

இருவருமே பாதி சரி. கோடையில் அந்த ஆற்றில் ஓடுவதில் பெரும்பங்கு நகரம் கழித்த நீர்தான். 2018 முதல் சுத்திகரித்த நீரைக் குழாய் போட்டுக் கோலார் ஏரிகளுக்கு இறைக்கிறார்கள். திட்டத்தின் அளவு நாளைக்கு 44 கோடி லிட்டர். அப்படியானால் ஆற்றுக்கு மிஞ்சுவது என்ன? சுத்தமானது கோலாருக்கு, சுத்தம் செய்யாதது ஓசூருக்கு என்று ஓசூர்க்காரர் கோபப்பட்டால் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் பெல்லந்தூர்க்காரரே, மழைநீர்க் கால்வாயில் சாக்கடை இணைப்பு கொடுத்தது ஏதோ தூரத்து அரசாங்கம் மட்டும் இல்லை. உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக் குழாய் அதில் விழுகிறது, எண்ணிப் பார்த்தீர்களா?

ஓசூர்: எண்ண மாட்டார்.

போதும், அடுத்தது.

விவேக் நகர்: மேன்ஹோல் பொங்குகிறது.

அது குடிநீர் வாரியத்தின் வேலை. 1916 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள்.

பாணஸ்வாடி: ஏரி பக்கம் 75 மீட்டரா, 30 மீட்டரா?

மேலே படியுங்கள்.

அல்சூர்: மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் ஏரியாக இருந்தது நிஜமா?

நிஜம், தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. ஒரு ஏரி நிரம்பினால் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். வழிகிற அந்த இடத்தை நாம் கலுங்கு என்கிறோமே, அதைக் கன்னடத்தில் கோடி என்பார்கள். இப்படிக் கோத்த ஏரிச் சங்கிலியில் நடுக்கண்ணியைக் கழற்றிவிட்டு, கீழே உள்ள கால்வாய்க்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினால் வேகம் கூடி, மேட்டுத் தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரம் பள்ளத்தில் சேரும். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் அவுட்டர் ரிங் ரோட்டு ஆட்கள் டிராக்டரில் வேலைக்குப் போனார்களே, அது நடந்ததும் இப்படி ஒரு சங்கிலியின் கீழ்க்கோடியில்தான்.

ராமமூர்த்தி நகர்: சார், 75 மீட்டர்...

இல்லை.

ஹொரமாவு (மறுபடி): வரைபடம் பார்த்தோம் சார். கால்வாய்க் கோடு மனைக்குப் பின்னால் இல்லை, நடுவிலேயே போகிறது. பழைய வரைபடம் அது, கால்வாயைத் திருப்பிவிட்டோம் என்கிறார் புரோக்கர்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா?