புல்வெளியில் பன்றிக்கூட்டம்: எதுவரை போகலாம்?

கேள்வி: டெக்சாஸில், ஆஸ்டினுக்குக் கிழக்கே 40 ஏக்கர் வாங்கி மூன்று வருடமாகப் புல் வளர்த்து, கட்டுக் கட்டி விற்கிறோம். போன மாதம் இரண்டே இரவில் ஐந்து ஏக்கரைக் காட்டுப்பன்றிகள் உழுது போட்டுவிட்டன. பக்கத்து நிலத்துக்காரர், "வயிற்றில் சுடு. ஓடிப்போய் வேறு எங்காவது சாகும், பிணத்தை இழுக்கும் வேலை உனக்கு மிச்சம்" என்கிறார். இன்னொருவர் விஷம் வைக்கச் சொல்கிறார். என் மனைவி கொல்லவே கூடாது என்கிறாள். நாங்கள் எதுவரை போகலாம்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். கொல்லாமல் முடியுமா? வீட்டுத் தோட்டம், ஆட்டுப்பட்டி மாதிரி சின்ன இடத்துக்கு முடியும். தரையோடு ஒட்டிய கம்பிவலையும், அதன் வெளிப்பக்கம் தாழ்வாக ஓடும் ஒரு மின்கம்பியும் போதும். 40 ஏக்கருக்கு அப்படி வேலி போட்டால், புல் விற்ற காசெல்லாம் வேலிக்கே சரியாகப் போய்விடும். பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விடுவது டெக்சாஸில் சட்டவிரோதம். நியாயமான சட்டம்தான், ஏனென்றால் இங்கே பன்றி பரவியதே மனிதர்கள் கொண்டுவந்து விட்டதால். 1539-இல் ஸ்பானியப் படைத்தலைவர் ஹெர்னாண்டோ தே சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது கூட வந்த பன்றிகள், பின்னால் குடியேறியவர்கள் அவிழ்த்து மேயவிட்டவை, 1930-களில் வேட்டைக்கென்றே இறக்கிய ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் எல்லாம் கலந்த வம்சம் இது. இன்று டெக்சாஸின் 254 மாவட்டங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது.

தப்பு பன்றியுடையது இல்லை. ஆனாலும் தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையும் ஓடைக்கரையும் உங்கள் புல்லும் போய்க்கொண்டேதான் இருக்கும். அதனால் கொல்வதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எப்படிக் கொல்கிறோம் என்பதில்தான் எனக்குக் கறார்.

சட்டம் இந்த விஷயத்தில் உங்களுக்குத் துணைக்கு வராது. காட்டுப்பன்றிக்குப் பருவம் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது. 2019 செப்டம்பர் முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் வேட்டை உரிமம்கூட வேண்டாம். இன்னொரு பக்கம் பாருங்கள். இதே இனத்து விலங்கு அமெரிக்க இறைச்சிக்கூடத்துக்குள் போனால், வெட்டுவதற்கு முன் அதை உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்று 1958-லேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. தொழுவத்துப் பன்றிக்கு வலிக்கும், உங்கள் வயலில் நிற்பதற்கு வலிக்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கத்து நிலத்துக்காரர் சொன்ன யோசனையை நான் பல பேர் வாயில் கேட்டிருக்கிறேன், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வயிற்றில் குண்டு பட்ட பன்றி உடனே சாகாது. குடல் கிழிந்து, மலம் உள்ளே கசிந்து, புதருக்குள் படுத்து ஒரு நாளோ அதற்கு மேலோ கிடந்து சாகும். சரி, கொடுமையை விடுங்கள், லாபமாவது உண்டா? கூட்டம் என்பது பெரும்பாலும் தாய்களும் மகள்களும் அவற்றின் குட்டிகளும். ஒன்றைச் சுட்டால் மற்றவை வேலி தாண்டிப் போகும், கொஞ்ச நாளில் திரும்பும். இந்த முறை நடு இரவில்தான் வரும், வெளிச்சம் பார்த்தாலே ஓடும். பெண்பன்றி ஒரு வயது ஆகும் முன்பே சினையாகிவிடும். சினைக்காலம் 115 நாள் சுமார், ஒரு ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி சாதாரணம். ஒரு பகுதியில் பன்றி பெருகாமல் இருக்கவே, வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்காவது போக வேண்டும் என்பது இந்தத் துறையின் கணக்கு. மாதம் ஒன்றிரண்டு சுடுகிறவர் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை, கோபத்தைத்தான் தணித்துக்கொள்கிறார். என் கணக்கில் இதுதான் மோசமான சாவு: வலியும் அதிகம், பயனும் இல்லை.

விஷத்துக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் மாநில வேளாண் ஆணையர் சிட் மில்லர் வார்ஃபரின் கலந்த தீனிக்கு அனுமதி அறிவித்தார். உங்கள் அப்பாவோ மாமனாரோ ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிறாரே, அதே வார்ஃபரின். வேட்டைக்காரர்களும் காட்டுப்பன்றி இறைச்சி வியாபாரிகளும் எதிர்த்து, விஷயம் நீதிமன்றம் வரை போய், ஏப்ரலிலேயே தயாரிப்பாளர் பின்வாங்கினார். 2024-இல் அது திரும்ப வந்திருக்கிறது, உரிமம் உள்ளவர்கள் மட்டும் பயன்படுத்தலாம். பன்றி மட்டும் தூக்கக்கூடிய கனமான மூடி போட்ட தொட்டியில்தான் வைக்க வேண்டும். எல்லாம் சரி, ஆனால் அது கொல்லும் விதம் உள்ளே ரத்தம் கசிந்து, மூட்டு வீங்கி, பல நாள் இழுக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சோடியம் நைட்ரைட் என்ற இன்னொரு விஷம் எவ்வளவோ மேல். பன்றி இறைச்சியைப் பதப்படுத்தச் சேர்க்கும் அதே உப்பு. ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் போய், சில மணி நேரத்துக்குள் மயங்கிச் சாகும். ஆனால் 2018-இல் டெக்சாஸில் நடந்த சோதனையில், பன்றிகள் சிந்திய துணுக்குகளைத் தின்று பறவைகள் செத்து, சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. பன்றி சிந்தாமல் சாப்பிடும் பிராணியா என்ன! வீட்டில் கலக்கும் விஷம் பற்றிக் கேட்கவே வேண்டாம். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், செத்த பன்றியைத் தின்னும் கழுகும் உங்கள் நாயும் சேர்ந்து போகும்.

வெடி வைத்துத் தகர்ப்பதெல்லாம் வீடியோவுக்குச் செய்கிற வேலை. நாய்களை விட்டுக் கவ்வவைத்துக் கத்தியால் குத்துவதில் பன்றியோடு நாயும் கிழிபடுகிறது. பொறியைக் கண்டு ஒதுங்கும் ஒன்றிரண்டு கிழட்டுப் பன்றிகளை வளைத்து நிறுத்த மட்டும் நாய், உடனே துப்பாக்கி என்றால் ஒப்புக்கொள்வேன். வேலிக்கடியில் வைக்கும் கழுத்துச் சுருக்கில் மான் கன்றும் மாட்டும். விடியும் முன் போய்ப் பார்க்க முடியாதவர் அதைத் தொடவே கூடாது.

ஹெலிகாப்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் முகம் சுளிப்பது அதற்குத்தான். 2011-இல் டெக்சாஸ் சட்டம் மாறி, காசு கொடுத்தவர் மேலே உட்கார்ந்து சுடலாம் என்றானது. 2017-இல் வெப்பக்காற்று பலூனிலிருந்தும் சுடலாம் என்றார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, உண்மை. ஆனாலும் வெட்டவெளியில், தொழிலாகச் செய்யும் கை சுட்டால், ஒரே நாளில் கூட்டத்தோடு முடியும், காயம்பட்டதைத் துரத்திப்போய் முடிக்கவும் முடியும். சுற்றுலாவாக வருபவர் கையில் அந்த உறுதி இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், பன்றி வருமானமாகிவிட்டால் அது தீர வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. டென்னசி மாநிலம் 1999-இல் வேட்டையை வருடம் முழுக்கத் திறந்துவிட்டுப் பார்த்தது. வேட்டைக்காக ஆட்களே பன்றியைப் புது இடங்களுக்குக் கொண்டுபோய் விட, 2011-இல் மூட வேண்டியதாயிற்று.

நான் சொல்வது வட்டப் பட்டிப்பொறி. ஐந்தடி உயரக் கம்பித் தட்டிகள், ஒரு கதவு, ஒரு கேமரா. கதவைத் திறந்தே வைத்து இரண்டு மூன்று வாரம் மக்காச்சோளம் போடுங்கள். முதலில் குட்டிகள் நுழையும், தாய்கள் வெளியே மூக்கை உயர்த்தி நிற்கும். அவசரப்பட்டுக் கதவை விழவிட்ட ஒருவருக்கு நான் உதவப் போனேன். உள்ளே ஏழு குட்டிகள் தட்டியில் மோதி மோதி மூக்கெல்லாம் ரத்தம். வெளியே தாய் வந்து போன குளம்புத் தடம் பட்டியைச் சுற்றி ஒரு பாதையே போட்டிருந்தது. அந்தத் தாய் அப்புறம் எந்தப் பொறிக்கும் வரவில்லை. கேமராவில் எண்ணுங்கள். பதினான்கு வருகிறது என்றால் பதினான்கும் உள்ளே போன இரவில்தான் கதவு விழ வேண்டும். பால்குடி மறக்காத குட்டி வெளியே பட்டினி கிடக்காது, தப்பித்துப் பாடம் கற்றதும் எதுவும் மிஞ்சாது.

விழுந்த பின் தாமதிக்காதீர்கள். விடிவதற்குள் போங்கள், ஒருவர் மட்டும் போங்கள், பேசாமல், நாய் இல்லாமல். குண்டு மூளையில் பட வேண்டும், பெரியவை முதலில். உங்களுக்குக் கை நடுங்கும் என்றால் அதில் வெட்கமில்லை, பழகிய ஒருவரை வரச் சொல்லுங்கள். மாவட்ட அக்ரிலைஃப் (வேளாண் விரிவாக்க) அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். உடலைக் கையாளும்போது ரப்பர் கையுறை கட்டாயம், பன்றிகளிடம் இருக்கும் புரூசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றும்.

கஷ்டமான வேலை இனிமேல்தான். கூட்டம் ஒன்று சுற்றும் பரப்பு உங்கள் 40 ஏக்கரைவிடப் பெரியது. நீங்கள் சோளம் போடும் அந்த மூன்று வாரமும் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு குண்டுகூடச் சுடக் கூடாது. கேமராப் படத்தை அவரிடம் காட்டி, எத்தனை வருகிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.